பழைய ஹாமண்ட் ஏ-100: ஸ்டார்ட் போட்டால் உறுமுகிறது, சுழலவில்லை

செல்வன்_டொரண்டோ:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு தேவாலயத்தின் கட்டடத்தை விற்றபோது, கீழ்த்தளக் கூடத்தில் இருந்த ஹாமண்ட் ஏ-100 ஆர்கனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இலவசம் என்று சொல்லிவிட்டார்கள். நண்பர்களோடு சேர்ந்து வேனில் ஏற்றி, வீட்டு கராஜில் இறக்கிவிட்டோம். மரம் நன்றாக இருக்கிறது. கட்டை ஒன்றுகூட உடையவில்லை.

பிரச்சினை இதுதான். ஸ்டார்ட் ஸ்விட்சை அழுத்திப் பிடித்தால் உள்ளே ஓர் உறுமல் கேட்கிறது, ஆனால் எதுவும் சுழலவில்லை. கடைசியாக எப்போது எண்ணெய் விட்டார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தையல் மெஷின் எண்ணெய் வீட்டில் இருக்கிறது, விடலாமா? மோட்டார் எரிந்திருக்குமா? ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் வேலை கொஞ்சம் தெரியும். டோன்வீல் (சுழலும் சக்கரத்தில் ஒலி உண்டாக்கும் முறை) இதுதான் முதல் தடவை.

வால்வு_வாத்தியார்:

தம்பி, முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இனி ஒரு தடவைகூட ஸ்டார்ட் போட வேண்டாம். மோட்டார் எரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்வது எண்ணெய் காய்ந்து, உள்ளே பிசினாக இறுகிப்போன ஜெனரேட்டரின் அறிகுறி. கராஜ் குளிராக இருந்தால் இன்னும் மோசம். முடிந்தால் வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்துக்கு நகர்த்துங்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன பொருள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ-100 என்பது 1959 முதல் 1965 வரை வீடுகளுக்காகச் செய்த மாடல். பெட்டி வேறு, பவர் ஆம்ப், ஸ்பீக்கர், ரிவெர்ப் எல்லாம் உள்ளேயே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஜெனரேட்டர், கீபோர்டுகள், ஏஓ-28 பிரீஆம்ப், ஸ்வரத்தை அசைக்கும் ஸ்கேனர் வைப்ரேட்டோ, ஸ்வரத்தின் தொடக்கத்தில் ஒரு தட்டல் சேர்க்கும் பர்கஷன் எல்லாம் ஹாமண்டின் புகழ்பெற்ற பெரிய மாடலான பி-3யில் இருப்பவையே. பி-3 வாங்க முடியாதவர்கள் தேடி அலையும் மாடல் இது. இலவசமாகக் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்த வாத்தியத்தில் ஒலி பிறப்பது டோன்வீல் என்கிற 91 எஃகுச் சக்கரங்களில். அவை இருக்கும் தொகுதியைத்தான் ஜெனரேட்டர் என்கிறோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு எலுமிச்சம்பழ அகலம், விளிம்பில் பற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருள் சுற்றிய ஒரு காந்தக் கம்பி. பற்கள் காந்தத்தின் நுனியைக் கடக்கும்போது சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அதுதான் ஸ்வரம். இவ்வளவு சக்கரங்களையும் ஒரே சின்க்ரனஸ் மோட்டார், அதாவது ரன் மோட்டார், சுற்றுகிறது. அந்த மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு வேகத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் தானாகப் புறப்படாது. அதனால்தான் தனியாக ஒரு ஸ்டார்ட் மோட்டார்.

இப்போது எண்ணெய் விஷயம். பின்பலகையைக் கழற்றுங்கள். ஜெனரேட்டரின் மேல்பக்கம் சின்னப் புனல் மாதிரி கிண்ணங்கள் தெரியும். அவற்றில் விடும் எண்ணெய் கீழே ஒரு தொட்டிக்குப் போய், அங்கிருந்து நூற்றுக்கணக்கான பருத்தி நூல்கள் வழியாக ஒவ்வொரு பேரிங்குக்கும் ஊறி ஊறிப் போகிறது. விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போலத்தான். நூல் வழியாகப் போவதால் எண்ணெய் மெல்லியதாக இருக்க வேண்டும், பல வருடம் ஆனாலும் பிசினாகக் கூடாது. ஹாமண்ட் ஜெனரேட்டர் எண்ணெய் என்றே தனியாக இன்றும் விற்கிறார்கள். அதையே வாங்குங்கள். கார் எஞ்சின் எண்ணெய், துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, வீட்டு உபயோக எண்ணெய் எதுவும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெயும் எடுத்த இடத்திலேயே இருக்கட்டும். நூலில் ஒருமுறை தவறான எண்ணெய் ஏறிவிட்டால் வெளியே எடுக்க வழியில்லை.

கிண்ணங்களை முக்கால்வாசி நிரப்புங்கள். மோட்டார்ப் பக்கமும் ஸ்கேனர்ப் பக்கமும் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு, அங்கே கொஞ்சம். பிறகு காத்திருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் விடுங்கள். நூல் காய்ந்து கிடந்தால் எண்ணெய் கடைசிப் பேரிங் வரை போய்ச் சேர நாளாகும்.

நிரோ_ஹரோ:

வாத்தியார் சொன்னதோடு ஒன்று. லண்டன் பக்கம் சிலர் நாஃப்தாவை முதலில் கிண்ணத்தில் விட்டுப் பழைய பிசினைக் கரைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய சி-3 (பி-3 போன்ற இன்னொரு ஹாமண்ட்) அப்படித்தான் திரும்ப ஓடியது. எண்ணெய்க்காக வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை.

கமலி_சிகாகோ:

நிரோ, அது கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும். நாஃப்தா நெருப்புப் பிடிக்கும் திரவம். மூடிய மரப்பெட்டி, உள்ளே மோட்டார், சூடான வால்வுகள். ஆவி முழுவதும் போவதற்குள் யாராவது ஸ்விட்ச் போட்டால் என்ன ஆகும்? இன்னொன்று, அது எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும். பேரிங் கொஞ்ச நேரம் வறண்டு ஓடும். எண்ணெய் மட்டும் விட்டுப் பொறுத்திருந்து சரியாகாத ஜெனரேட்டரை நான் மிக அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

செல்வன், எண்ணெய் ஊறும் நாட்களில் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. மின்பாதுகாப்பு. அந்தக் காலத்து இரண்டு முனை பிளக் இருந்தால் மூன்று கம்பி வயராக மாற்றி, எர்த்தைச் சேஸிஸில் இறுக்கிப் பிணையுங்கள். பல பழைய ஹாமண்டுகளில் ஃப்யூஸே கிடையாது, ஒன்று போடுங்கள். வயரின் ரப்பர் விரலால் தொட்டாலே பொடிகிறதா என்று பாருங்கள். பொடிந்தால் அந்த வயரையும் மாற்ற வேண்டும். ஏஓ-28இல் 300 வோல்ட் அளவுக்கு டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் அது தங்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள். இது ஆம்ப்ளிஃபயர் வேலை தெரிந்தவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மீட்டரே பிடித்துப் பழகாதவர்கள் எண்ணெய் விடுவதோடு நிறுத்திக்கொண்டு, மீதியை டெக்னீஷியனிடம் விடுங்கள்.

செல்வன்_டொரண்டோ:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. எண்ணெய் வாங்கி விட்டாயிற்று. பிளக், ஃப்யூஸ் இரண்டும் முடிந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஊறிய பிறகு கையால் சுற்றிப் பார்க்கலாமா, நேராக ஸ்டார்ட் போடலாமா?

வால்வு_வாத்தியார்:

கையால்தான். பிளக் வெளியே இருக்கட்டும். ரன் மோட்டாரின் தண்டை விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முதலில் கால் சுற்று போய் நிற்கும், பிறகு அரைச் சுற்று. பலம் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட் மோட்டாரின் தண்டு நீளவாக்கில் நகர்ந்து பல்லோடு பல் சேரும்படி அமைந்தது. அதுவும் வழுக்கிக்கொண்டு நகர்கிறதா என்று பாருங்கள். அங்கே பிசின் இருந்தால் பல் சேராது, மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றும்.

தடையில்லாமல் சுழன்றால் ஸ்டார்ட் போடுங்கள். ஸ்டார்ட்டை 8 விநாடி பிடியுங்கள், விடாமல் ரன் ஸ்விட்சையும் போட்டு 4 விநாடி இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், அப்புறம் ஸ்டார்ட்டை விடுங்கள். பழைய மெஷினுக்கு இன்னும் சில விநாடி கூடத் தரலாம். வேகம் ஏறும் சத்தம் காதுக்கே தெரியும்.

செல்வன்_டொரண்டோ:

ஓடுகிறது! ஸ்டார்ட்டை விட்ட பிறகும் வேகம் குறையவில்லை, சீராக நிற்கிறது. வால்வுகள் சூடானதும் முதல் ஸ்வரம் வந்தபோது வீட்டில் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

இப்போதைய நிலைமை: மேல் கீபோர்டில் சில கட்டைகள் கரகரக்கின்றன. சிலவற்றில் ஒன்றிரண்டு ட்ராபார் (ஒலியின் அடுக்குகளைக் கூட்டிக் குறைக்கும் இழுப்பான்) மட்டும் ஒலிக்கவில்லை. ட்ராபாரை இழுக்கும்போதும் கரகரப்பு. ரிவெர்ப் வேலை செய்கிறது. கீழ் ஸ்வரங்கள் அருமை. மேலே போகப்போக மங்கல், கம்பளி போர்த்திய மாதிரி.

வால்வு_வாத்தியார்:

நல்ல செய்தி. கரகரப்பு, ஊமை, மங்கல் மூன்றும் மூன்று நோய். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஊமைக் கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் 9 மெல்லிய தொடர்புக் கம்பிகள் உண்டு, நுனியில் பலேடியம். கட்டையை அழுத்தினால் அவை 9 பஸ்பார்களை, அதாவது கீபோர்டின் நீளத்துக்கு ஓடும் உலோகத் தண்டுகளைத் தொடும். 9 ட்ராபாருக்கும் அதுதான் வழி. தூசி உட்கார்ந்தால் தொடர்பு விட்டுப்போகும். ஆனால் அதே அறிகுறி ஜெனரேட்டரில் ஒரு சுருள் அறுந்தாலும் வரும். எது என்று கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. ஒரே சக்கரத்தின் ஒலிதான் பல வழிகளில் வருகிறது. ட்ராபாரின் அடி எண் பாதியானால் ஒலி ஓர் ஆக்டேவ் மேலே போகும். 8 அடி ட்ராபாரை மட்டும் இழுத்து நடு சி-யை அழுத்துங்கள். அடுத்து 4 அடியை மட்டும் இழுத்து ஓர் ஆக்டேவ் கீழுள்ள சி-யை அழுத்துங்கள். 2 அடியில் இரண்டு ஆக்டேவ் கீழே. மூன்றும் ஒரே சக்கரம். மூன்றிலும் ஊமை என்றால் கோளாறு ஜெனரேட்டர் பக்கம். ஒன்றில் மட்டும் ஊமை என்றால் அந்தக் கட்டையின் தொடர்பு. சந்தேகமுள்ள எல்லாக் கட்டைகளையும் இப்படிச் சோதித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொடர்புதான் என்றால், அந்தக் கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்ப அடியுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும். மிச்சத்துக்கு ஹாமண்ட் கம்பெனியே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு கீபோர்டிலும் பஸ்பார்களை நீளவாக்கில் துளி நகர்த்த ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் கம்பிகள் பஸ்பாரின் புதிய, சுத்தமான இடத்தில் போய் அமரும். மெதுவாகத் திருப்புங்கள், தாராளமாக அல்ல. காண்டாக்ட் கிளீனரை மட்டும் கீபோர்டுக்குள் அடித்துவிடாதீர்கள். தூசியைக் கரைத்து எல்லாத் தொடர்பிலும் பரப்பிவிடும்.

கட்டை அழுத்தும்போது வரும் 'டக்' ஒலி வேறு. 9 தொடர்பும் ஒரே கணத்தில் தொடாததாலும், அலையின் நடுவில் தொடர்பு விழுவதாலும் வருவது. லாரன்ஸ் ஹாமண்ட் அதைக் குறையாகவே நினைத்தார். ஜாஸ் வாசித்தவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். அதைப் போக்க முயலாதீர்கள்.

ஜெபா_அண்ணாநகர்:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா ஊருக்குத் திரும்பி வருகிறார். அவரிடம் ஒரு எம்-3 (சிறிய ஹாமண்ட்) இருக்கிறது, கன்டெய்னரில் போட்டு சென்னைக்கு அனுப்பட்டுமா என்று கேட்கிறார். 230 வோல்ட்டை 115 ஆக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமா?

நிரோ_ஹரோ:

ஜெபா, வோல்டேஜ் மட்டும் போதாது. ஹெர்ட்ஸ்தான் இங்கே விஷயம். சின்க்ரனஸ் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்தே ஓடுகிறது. அமெரிக்காவில் 60, நம் ஊரில் 50. லாரன்ஸ் ஹாமண்ட் அடிப்படையில் மின்கடிகாரம் செய்தவர். கடிகாரத்துக்குப் போட்ட அதே மோட்டாரின் யோசனைதான் 1935இல் வந்த அவருடைய முதல் ஆர்கனிலும் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பி-3 மாதிரிப் பெரிய மாடலில் 60 ஹெர்ட்ஸில் மோட்டார் நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது விநாடிக்கு 20. ஏ ஸ்வரத்துக்குப் பல்சக்கர விகிதம் 88க்கு 64. பெருக்கினால் 27.5 சுற்று. அந்தச் சக்கரத்தில் 16 பல். 27.5ஐ 16ஆல் பெருக்கினால் சரியாக 440. அதே மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 440 போய் 366.7 ஆகிவிடும். எஃப் ஷார்ப்புக்கும் சற்றுக் கீழே. எந்த மாடலானாலும் மொத்த வாத்தியமும் மூன்று செமிடோனுக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிடும். சுருதி கூட்டத் திருகு எதுவும் கிடையாது. வைப்ரேட்டோவும் அதே தண்டில் இருப்பதால் அதுவும் மெதுவாகும். 60க்கென்று செய்த டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் எல்லாம் 50இல் கூடுதலாகச் சூடேறும்.

வழி என்ன? 60 ஹெர்ட்ஸில் சுத்தமான சைன் அலை தரும் ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர். மலிவான சதுர அலை இன்வெர்ட்டர் வேண்டாம், மோட்டார் முனகும். தனியாக மோட்டாருக்கு மட்டும் கொடுத்தாலே சுருதி சரியாகிவிடும். அல்லது ஐரோப்பாவுக்கென்று 50 ஹெர்ட்ஸில் செய்த ஹாமண்டையே தேடலாம். என் கருத்து: சித்தப்பாவுக்கு அந்த வாத்தியத்தோடு பாசம் இருந்தால் கன்வெர்ட்டரோடு கொண்டு வரட்டும். எம்-3ஐச் சின்னது என்று ஒதுக்க வேண்டாம். கீபோர்டுக்கு 44 கட்டைதான், ஆனால் டோன்வீல் ஒலி அசல். 1962இல் மெம்பிஸில் ஆர்கன் கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ் பெயர் வாங்கியது எம்-3இல் தான்.

ஜெபா_அண்ணாநகர்:

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை அண்ணா. சென்னை ஈரக் காற்றைப் பற்றியும் கவலை இருக்கிறது. அதைத் தனி இழையில் கேட்கிறேன்.

கமலி_சிகாகோ:

செல்வனின் மூன்றாவது நோய்க்கு வருகிறேன். மேல் ஸ்வரங்கள் மங்கல். ஜெனரேட்டரைத் திறந்தால் மேலே வரிசையாகச் சின்ன உருளைகள் தெரியும். மெழுகு பூசிய காகித கெப்பாசிட்டராக இருந்தால் 1964க்கு முந்தையது. சிவப்பு மைலார் என்றால் அதற்குப் பிந்தையது. மைலார் நிலையாக நிற்கும். காகிதம் ஈரம் இழுத்து, ஆண்டுகள் போகப்போக மதிப்பு ஏறிவிடும். ஒவ்வொரு கெப்பாசிட்டரும் ஒரு சுருளோடு சேர்ந்து அந்தந்த ஸ்வரத்துக்கு மட்டும் வழிவிடும் ஃபில்டர். மதிப்பு ஏறினால் ஃபில்டர் இடம் மாறி, தன் ஸ்வரத்தையே அடக்கத் தொடங்கும். 0.105, 0.255 மைக்ரோஃபாரட் என்று இருக்க வேண்டியவற்றை மீட்டரில் வைத்துப் பாருங்கள். வெகுவாக ஏறியிருந்தால் முழு செட்டையும் மாற்றுங்கள். திரையை விலக்கிய மாதிரி இருக்கும்.

எட்டெட்டெட்டு:

நான் ரிப்பேர் ஆள் இல்லை, வாசிக்கிறவன். அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மாற்றிய பிறகு சில ஹாமண்டுகள் காதைக் கீறுகின்றன. முதல் மூன்று ட்ராபாரை முழுக்க இழுத்து ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் மாதிரி வாசிக்கும்போது அந்தப் பழைய உருண்டை ஒலிதான் உடம்பில் இறங்குகிறது. புதுசு போட்டால் அது போய்விடுகிறது.

கமலி_சிகாகோ:

ஜிம்மி ஸ்மித் 1950களில் வாசித்தபோது அவருடைய ஆர்கன் புதியது. கெப்பாசிட்டர் மதிப்பு ஏறியிருக்கவில்லை. நீங்கள் விரும்பும் உருண்டை ஒலி முதல் மூன்று ட்ராபார், வால்வு, லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் இவற்றிலிருந்து வருவது. பழுதிலிருந்து அல்ல.

வால்வு_வாத்தியார்:

இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மதிப்பு ஏறியதோடு, காந்தங்களும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் பலம் இழந்திருக்கும். சிலர் முன்பே காந்தக் கம்பிகளை நகர்த்தி மங்கலை ஈடுகட்டியிருப்பார்கள். அந்த நிலையில் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் மேல் ஸ்வரங்கள் கத்தும். எட்டெட்டெட்டு கேட்ட ஆர்கன்கள் அப்படிப்பட்டவையாக இருக்கலாம்.

ஆகவே செல்வன், முதலில் ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு மில்லிவோல்ட் வருகிறது என்று அளந்து எழுதுங்கள். 91ஐயும். சலிப்பான வேலைதான், ஆனால் அந்தத் தாள் இல்லாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்காதீர்கள். கழற்றியவற்றைத் தூக்கி எறியாமல், எண் எழுதிப் பையில் போட்டு ஆர்கனுக்குள்ளேயே வையுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

1964க்குப் பிந்தைய ஆர்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்களுக்குக் கெப்பாசிட்டர் கவலை இல்லை, ஆனால் கீபோர்டுக்குள் ஃபோம் வைத்திருப்பார்கள். அது பிசுபிசுத்துக் கரைந்து, உள்ளே இருக்கும் மெல்லிய ரெசிஸ்டன்ஸ் கம்பிகளை அரித்துவிடும். கட்டைகள் ஒவ்வொன்றாக ஊமையாகி, தொடர்பைச் சுத்தம் செய்தும் திரும்பவில்லை என்றால் அதைச் சந்தேகியுங்கள். கீபோர்டை முழுசாகக் கழற்றும் வேலை அது.

பயணக்_கீபோர்ட்:

நான் மேடையில் வாசிக்கிறவன். எனக்கும் ஒரு ஏ-100 கிடைக்கும் போல இருக்கிறது. பெட்டியை அறுத்து, ஸ்பீக்கரையும் பவர் ஆம்பையும் எடுத்துவிட்டு இரண்டு துண்டாக்கலாம் என்று பார்க்கிறேன். ராக் குழுக்கள் பலர் அப்படிச் செய்துதான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். யாராவது செய்திருக்கிறீர்களா?

கமலி_சிகாகோ:

செய்ய வேண்டாம். ஏ-100 இனி யாரும் செய்யப்போவதில்லை. பெட்டி ஏற்கெனவே தண்ணீரில் ஊறி உப்பிப்போன ஒன்று கிடைத்தால் அதை அறுங்கள், நானே வரைபடம் அனுப்புகிறேன். நல்ல பெட்டியை அறுக்காதீர்கள். மேடைக்குக் கையால் தூக்கும் குளோன் வீல் கீபோர்டுகள் (டோன்வீல் ஒலியை மின்னணுவில் நகலெடுப்பவை) இன்று நன்றாகவே ஒலிக்கின்றன.

வால்வு_வாத்தியார்:

எனக்கு அறுப்பதில் கொள்கை எதிர்ப்பு இல்லை. இந்த வாத்தியத்தின் பெருமையில் பாதி, கம்பெனிக்குப் பிடிக்காததை வாசிப்பவர்கள் செய்ததால் வந்தது. டான் லெஸ்லி 1940களில் சுழலும் ஸ்பீக்கர் செய்தபோது லாரன்ஸ் ஹாமண்டுக்கு அது பிடிக்கவில்லை. இன்று லெஸ்லி இல்லாமல் ஹாமண்டை யாராவது நினைக்கிறார்களா? டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஜான் லார்ட் சி-3ஐ மார்ஷல் கிட்டார் ஆம்புக்குள் விட்டாரே, அதுவும் அப்படித்தான்.

ஆனால் ஒரு கோடு வேண்டும். திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றம் எதுவானாலும் செய்யுங்கள். லைன் அவுட், பர்கஷன் ஒலியளவுக்கு ஒரு பொட், உள் ஸ்பீக்கரை நிறுத்த ஒரு ஸ்விட்ச். எல்லாம் ஒரு மாலையில் போட்டு ஒரு மாலையில் எடுக்கலாம். மரத்தை அறுத்தால் ஒட்ட முடியாது. அதனால் நல்ல பெட்டி விஷயத்தில் கமலி பக்கம்தான் நான்.

செல்வன்_டொரண்டோ:

அறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை அண்ணா. அளவுகள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மெழுகுக் கெப்பாசிட்டர்தான், கழற்றிப் பார்த்தவை எல்லாம் ஏறித்தான் இருக்கின்றன. மாற்றப் போகிறேன்.

அடுத்தது லெஸ்லி. பக்கத்து ஊரில் ஒருவர் பெரிய மரப்பெட்டி லெஸ்லி விற்கிறார். 122 அல்லது 147, தனக்கே சரியாகத் தெரியாது என்கிறார். இரண்டுக்கும் 6 பின் பிளக்தானே, எதை வாங்கினாலும் ஒரே கேபிள் போதுமா?

வால்வு_வாத்தியார்:

போதாது. இங்கே நிதானம் வேண்டும். இரண்டும் ஒரே பெட்டி, ஒரே 40 வாட் ஆம்ப், மேலே ஹார்ன், கீழே 15 அங்குல ஸ்பீக்கர், 800 ஹெர்ட்ஸில் பிரியும். காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பின்கள் மட்டும் வேறு. 122க்குப் பேலன்ஸ்டு சிக்னல் (இரண்டு கம்பிகளில் எதிரெதிராக ஓடுவது) போக வேண்டும், வேகம் மாற்றும் டிசியும் அதே கம்பிகளிலேயே போகும். 147க்கு ஒற்றைச் சிக்னல், வேகத்துக்குத் தனியாக ஏசி மெயின்ஸ் கம்பி. பிளக் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால், சிக்னல் வர வேண்டிய பின்னில் மெயின்ஸ் ஏறும்.

ஏ-100க்கு ஏஓ-28 இருப்பதால் 122 நேராகப் பொருந்தும், அதற்கான கனெக்டர் கிட் வாங்கிப் போடலாம். 147 என்றால் அதன் கிட் வேறு. விலை பேசுவதற்கு முன் லெஸ்லியின் பின்பலகையைக் கழற்றச் சொல்லி, ஆம்ப் சேஸிஸ் மேல் அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் தகட்டை நம்ப வேண்டாம், ஆம்புகளை மாற்றிப் போட்டவர்கள் நிறைய. ஹார்னைக் கையால் சுற்றி, சிராய்க்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.